கல்லூரி மைதானம் – 11: சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

1981 செப்டம்பர் 26, சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் மோதின. தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள். ஆட்டம் முடிய இரண்டே வினாடி இருந்தபோது போட்ட டச் டவுனில் சதர்ன் கலிஃபோர்னியா 28-24 என்று ஜெயித்தது. ஏ.பி.சி. தொலைக்காட்சி 200-க்கும் மேற்பட்ட நிலையங்களில் அதை ஒளிபரப்பியது. அதே வார இறுதியில் சிட்டடெல் கல்லூரியும் அப்பலேச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஆடிய ஆட்டத்தையும் ஏ.பி.சி. காட்டியது, அது நான்கே நிலையங்களில் வந்தது. ஆனால் நான்கு அணிகளுக்கும் கிடைத்த ஒளிபரப்புக் கட்டணம் ஒன்றே.

மறு ஆண்டு நீதிபதி ஹுவான் புர்சியாகா இந்த உதாரணத்தைத் தன் தீர்ப்பில் வியப்போடு எடுத்துக்காட்டினார். சந்தைக்கும் இந்தக் கட்டணத்துக்கும் துளியும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்பது அவர் வாதம். அந்தப் பத்தியைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று படுகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சின்னக் கல்லூரியும் பெரிய கல்லூரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கடைசிக் காலம் அது. அந்தப் பந்தி எப்படிக் கலைந்தது, கலைந்தபின் யார் கை நிறைந்தது, யார் இலை காலியானது என்பதே இந்த அத்தியாயம்.

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்பது நாம் காலால் உதைக்கும் ஆட்டம் கிடையாது; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி மாணவர்கள் ஆடும் இந்த ஆட்டத்தைப் பார்க்க மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் வரும். அந்தப் பல்கலைக்கழகங்களில் நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம், சாஃப்ட்பால் என்று இருபது விளையாட்டுக்கும் மேலாக நடக்கும். அவற்றில் பெரும்பாலானவை சொந்தக் காலில் நிற்பவை அல்ல. ஃபுட்பால் சம்பாதிக்கும், மற்றவை செலவழிக்கும். வீட்டில் ஒருவர் சம்பளத்தில் எல்லோரும் படிப்பதுபோல நூறாண்டாக நடந்துவந்த ஏற்பாடு. அந்த ஒருவரின் சம்பளம் திடீரென்று பல மடங்கானால் குடும்பம் செழிக்கும் என்றுதான் நினைப்போம். நடந்தது அப்படி இல்லை.

கதை தொலைக்காட்சியோடு தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1940 முதல் 1950 வரை தன் ஊரில் நடந்த எல்லா ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் காட்டியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலரே என்பதால் யாருக்கும் கவலை இல்லை. போருக்குப் பிறகு பெட்டிகள் பெருகின. ஆட்டத்தை வீட்டிலேயே பார்க்க முடிந்தால் டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம் கல்லூரிகளைப் பிடித்தது. 1951-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஒரு திட்டம் போட்டது: எந்த ஆட்டத்தைக் காட்டலாம், எத்தனை காட்டலாம் என்பதைச் சங்கமே முடிவு செய்யும். பென்சில்வேனியா மறுத்தது. அதை நற்பெயர் இழந்த உறுப்பினர் என்று சங்கம் அறிவித்தது. அந்தப் பருவத்தில் அதனுடன் ஆட ஒப்புக்கொண்டிருந்த நான்கு கல்லூரிகள், வந்து ஆடமாட்டோம் என்றன. பென்சில்வேனியா பணிந்தது. எதிரணி இல்லாமல் எந்தக் கல்லூரியும் ஆட முடியாதே! சங்கத்தின் பலம் முழுவதும் அந்த ஒரு உண்மையில் இருந்தது.

அப்போது சங்கத்தின் தலைமை நிர்வாகியாக வந்தவர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் 1987 வரை அந்த நாற்காலியில் இருந்தார். சென்ற அத்தியாயத்தில் பார்த்தோமே, ஆட்டத்தில் அடிபட்டு இறந்த வீரரின் மனைவி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்ட காலத்தில், வீரர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தொலைக்காட்சித் திட்டமும் அவர் கையில்தான் இருந்தது. முப்பது ஆண்டு அது அசையாமல் நின்றது. எவ்வளவு புகழ்பெற்ற அணியானாலும் இரண்டு ஆண்டில் ஆறு முறைக்கு மேல் திரையில் வர முடியாது என்பது கடைசி ஒப்பந்தத்தின் விதி. 1982 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஏ.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் சேர்ந்து 26 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன.

பெரிய ஃபுட்பால் கல்லூரிகளுக்கு இது பொறுக்கவில்லை. கூட்டம் எங்களைப் பார்க்கவே கூடுகிறது, பணத்தை எல்லோருக்கும் பிரித்தால் எப்படி என்று கேட்டன. 1977-இல் காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன் என்று தனி அமைப்பு தொடங்கி, 1981-இல் என்.பி.சி.யுடன் சொந்தமாக ஓர் ஒப்பந்தமும் பேசி முடித்தன. சங்கத்தின் பதிலை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒப்பந்தப்படி நடக்கும் கல்லூரிகள்மீது நடவடிக்கை பாயும். அது ஃபுட்பாலோடு நிற்காது, மற்ற விளையாட்டுகளையும் தொடும் என்று எச்சரித்தது. ஃபுட்பால் பணத்துக்கான சண்டையில் மல்யுத்த வீரனும் நீச்சல் வீராங்கனையும் அன்றே பணயமாக வைக்கப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்டதில்லை.

ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குத் தொடுத்தன. புர்சியாகா சங்கத்தை விலை நிர்ணயக் கூட்டணி என்று தீர்ப்பளித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1984 ஜூன் 27 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கல்லூரிகள் வென்றன. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். சங்கத்தின் திட்டம் ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சுருக்குகிறது, விலையை ஏற்றுகிறது, பார்ப்பவர் விருப்பத்தை மதிப்பதில்லை. எனவே போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றார்.

மறுத்து எழுதிய நீதிபதி பைரன் வைட். அவர் வெறும் நீதிபதி அல்லர். 1937-இல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு ஆடி நாடறிந்த வீரரானவர்; மறு ஆண்டு பிட்ஸ்பர்க் தொழில்முறை அணியில் சேர்ந்து அந்தப் பருவத்தில் பந்தை ஏந்தி அதிகத் தூரம் ஓடியவர் என்ற பெயர் எடுத்தவர்; ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அந்த ஒன்பது பேரில் இந்த ஆட்டத்தைத் தொழில்முறையாக ஆடியவர் அவர் ஒருவரே. பணத்தைப் பல கல்லூரிகளுக்கும் பரவலாகப் பகிர்வது, படிப்பைவிட ஆட்டத்தில் காசு பார்க்கும் ஆசையைக் கட்டுக்குள் வைக்கிறது. கல்லூரி விளையாட்டைக் கடைச்சரக்காக மட்டும் எடைபோடாதீர்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். தீர்ப்புக்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், பணம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைட் சரியாகவே கண்டிருந்தார்.

ஆனால் அவர் பக்கமும் முழு நியாயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் காக்க நினைத்த ஏற்பாடு, ஆடியவனுக்குக் கூலி இல்லை என்பதன்மேல் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பும் அந்த இடத்தில் கை வைக்கவில்லை. கல்லூரி விளையாட்டின் தனித்தன்மை காக்கப்பட வேண்டுமானால் வீரர்களுக்குப் பணம் தரக் கூடாது என்று ஸ்டீவன்ஸ் போகிற போக்கில் எழுதினார். வழக்கு அதைப் பற்றியதே அல்ல. ஆயினும் அடுத்த 37 ஆண்டு, வீரர்கள் எப்போது நீதிமன்றப் படியேறினாலும் சங்கத்தின் வக்கீல்கள் அந்த வரியைத்தான் எடுத்து நீட்டினார்கள். 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அதை ஒதுக்கும் வரை வீரர்கள் பங்கு கேட்க முடியாதபடி அது தடுத்தது.

1984 தீர்ப்பின் முழு விளைவும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கல்லூரிகள் சந்தையில் இறங்கி எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். சம்பாதித்துக் கொடுப்பவனுக்குத் தர வேண்டியதில்லை. வந்த வெள்ளம் எங்கேயாவது வடிய வேண்டுமே! பயிற்சியாளர் சம்பளமாக வடிந்தது. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்லர், ஃபுட்பால் பயிற்சியாளர். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்புவதற்கே 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. கட்டடமாகவும் வடிந்தது. 2017-இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் ஃபுட்பால் அணிக்கென்று 5.5 கோடி டாலரில் கட்டிய வளாகத்தில் மினி கோல்ஃப் திடல் இருக்கிறது, முடிதிருத்தகம் இருக்கிறது, மாடியிலிருந்து கீழே வரச் சறுக்குமரமும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்று சம்பளம் தர முடியாது. சறுக்குமரம் காட்டி அவனைச் சேர்க்கலாம். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சறுக்குமரத்துக்குப் போன பணம் அந்தப் பையனின் முழங்கால் மூட்டிலிருந்து எடுத்தது.

மூன்றாவதாக, அந்தப் பணம் கல்லூரி விளையாட்டின் வரைபடத்தையே மாற்றியது.

தீர்ப்பு வந்த உடனே யாரும் பணக்காரர் ஆகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் ஓர் ஆட்டத்தின் விலை சரிந்தது. அதிலிருந்து கற்ற பாடம், ஒரு கல்லூரி தனியாக நின்றால் பேரம் பேச முடியாது என்பது. 1990-இல் நோட்டர் டேம் மட்டும் தனியே என்.பி.சி.யுடன் ஐந்தாண்டுக்கு 3.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. மற்றவர்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்று அங்கே சொல்லும் வட்டார லீக்குகளுக்குள் ஓடினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் ரயிலில் போய் ஆடிவிட்டு வர ஏற்பட்ட லீக்குகள் அவை. இப்போது அவை ஒளிபரப்பு உரிமையை மொத்தமாகக் கட்டி விற்கும் கம்பெனிகளாயின.

அதை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டவர் தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்கான எஸ்.இ.சி.யின் ஆணையர் ராய் கிரேமர். பன்னிரண்டு உறுப்பினர்களும் இரு பிரிவுகளும் உள்ள லீக், பருவ முடிவில் கூடுதலாக ஓர் இறுதியாட்டம் நடத்தலாம் என்று சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் சின்னக் கல்லூரிகளுக்காக எழுதப்பட்ட விதி அது. எஸ்.இ.சி. ஆர்கன்சாவையும் சௌத் கரோலைனாவையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கியது. 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் இறுதியாட்டம். அலபாமா ஃபுளோரிடாவை 28-21 என்று வென்றது. ஓர் ஆட்டத்தை விற்றுப் பல கல்லூரிகள் பிழைக்கலாம் என்று மற்ற லீக்குகளும் கண்டன. ஆர்கன்சா விட்டுப்போன சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-இல் மூடப்பட்டது. அதன் நான்கு கல்லூரிகள் வடக்கே போய் பிக் 12-இல் சேர்ந்தன. மீதி நான்கில் மூன்று ஒரு லீக்குக்கும் ஒன்று வேறொரு லீக்குக்கும் போயின.

அடுத்தது கேபிள். 2007-இல் பிக் டென் லீக் தனக்கென்று ஒரு சேனல் தொடங்கியது. லீக்கின் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் கேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதம் ஏறத்தாழ ஒரு டாலர் அந்தச் சேனலுக்குக் கட்டும். வெளி மாநில வீடு சில சென்ட். கணக்கு தெளிவாக இருந்தது. 2014-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் மேரிலாண்டும் பிக் டென்னில் சேர்க்கப்பட்டன. 1869-இல் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஆடிய பெருமை ரட்கர்ஸுக்கு உண்டு; ஆனால் அதன் அணியைத் தேடி வந்து யாரும் சேர்க்கவில்லை. நியூயார்க், வாஷிங்டன் வட்டாரங்களின் கேபிள் வீடுகளைத் தேடி வந்தார்கள்.

பசிபிக் கரைக் கல்லூரிகளின் லீக்குக்கு 1915-இல் பிள்ளையார் சுழி போடப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு, யு.சி.எல்.ஏ., சதர்ன் கலிஃபோர்னியா எல்லாம் அதில் இருந்தன. எல்லா விளையாட்டும் சேர்ந்து 500-க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள். ஒலிம்பிக் பதக்கங்களைக் கணக்குப் பார்த்தால் இந்த லீக் ஒரு நாடாகவே நிற்கும். இவ்வளவும் இருந்து, ஃபுட்பால் ஒளிபரப்பு விலை மட்டும் பின்தங்கியது. 2012-இல் யாரையும் பங்கு சேர்க்காமல் சொந்தமாகத் தொடங்கிய சேனலைப் பெரிய செயற்கைக்கோள் நிறுவனம் கடைசி வரை எடுக்கவில்லை.

2022 ஜூன் 30 அன்று சதர்ன் கலிஃபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஏழு வாரம் கழித்து பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பசிபிக் லீக்குக்குக் கிடைத்த நல்ல விலை ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம் மட்டுமே. சந்தா கூடினால்தான் வருமானமும் கூடும். 2023 ஜூலையில் கொலராடோ, பைரன் வைட் ஆடிய அதே கொலராடோ, விலகியது. ஆகஸ்ட் 4 காலையில், மீதிக் கல்லூரிகள் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டு லீக்கைக் காப்பாற்றிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் போயின. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பாதியளவு பங்குக்கே ஒப்புக்கொண்டு போயின. அந்தப் பாதியே பழைய லீக்கில் கிடைக்கக்கூடியதைவிட மேல் என்று கணக்கிட்டன. செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரை லீக்கில் சேர்ந்தன. பசிபிக்கின் அலை அடிக்கும் மாநிலத்திலிருந்து!

எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். ஓரிகன் ஸ்டேட் இருப்பது கொர்வாலிஸ் என்ற சின்ன ஊரில். சுமார் 16 கோடி டாலர் செலவில் புதுப்பித்த மைதானத்தை அந்தப் பல்கலைக்கழகம் அதே 2023 செப்டம்பரில் திறந்தது. அந்தப் பருவத்தில் அதன் ஃபுட்பால் அணி தேசியத் தரவரிசையில் இருந்தது. 2024 மார்ச்சில் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்தது. லீக் இல்லாமல் போனதும் முக்கிய வீராங்கனைகள் வேறு கல்லூரிகளுக்கு மாறிவிட்டார்கள். மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற பேஸ்பால் அணி 2025-இல் எந்த லீக்கிலும் இல்லாமல், ஊர் ஊராகப் போய்த் தனியாக ஆடி, ஒமாஹாவில் நடக்கும் இறுதிச்சுற்று வரை வந்தது. இவர்களில் யார் ஆட்டத்தில் குறை வைத்தார்கள்? தொலைக்காட்சிச் சந்தை சின்னது என்பதைத் தவிர அந்த ஊர் செய்த தவறு ஒன்றுமில்லை.

போனவர்களின் நிலைமையும் அவ்வளவு சொகுசாக இல்லை. ஃபுட்பால் அணி வாரம் ஒரு முறை ஆடும், தனி விமானத்தில் போய்வரும். வாலிபால், சாஃப்ட்பால் அணிகள் வாரத்தில் பல ஆட்டம் ஆடுபவை. சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சிக்குப் பறந்து, விடுதியில் பாடம் படித்து, மூன்று மணி நேர வித்தியாசத்தோடு திரும்பி வந்து தேர்வெழுத வேண்டும். ஃபுட்பாலின் விலைக்காக வரைந்த வரைபடத்தில் மற்ற எல்லா விளையாட்டும் பயணம் செய்கிறது.

சங்கம் இதைத் தடுத்திருக்க முடியாதா? முடியாது. 1984-க்குப் பிறகு ஃபுட்பால் ஒளிபரப்பில் சங்கத்துக்குப் பங்கு இல்லை. அதன் வருமானத்தில் பெரும்பகுதி மார்ச் மாதத்து ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியிலிருந்து வருகிறது. 2014 பருவத்தில் தொடங்கிய ஃபுட்பால் பிளேஆஃப் லீக்குகளின் சொந்தச் சொத்து. 2026 முதல் இ.எஸ்.பி.என். அதற்கு ஆண்டுக்குச் சராசரி 130 கோடி டாலர் தருகிறது. அதில் பாதிக்கு மேல் பிக் டென், எஸ்.இ.சி. இரண்டுக்குமே போகிறது. பெரிய சனிக்கிழமைகள் இன்று அந்த இரண்டு லீக்குகளுடையவை.

இந்த நேரத்தில்தான் வீரர்களின் பங்கும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலை முதல் அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. வீரர்கள் தொடுத்த ஒரு வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசப்படி, பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அந்த ஜூலை முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது; முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை. இந்த வழக்கைத் தன் பெயரில் நடத்திய கிரான்ட் ஹவுஸ் அரிசோனா ஸ்டேட்டின் நீச்சல் வீரர். இழப்பீட்டுத் தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கும் அடுத்த பெரும்பங்கு ஆண்கள் கூடைப்பந்துக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். புதிய பணத்தையும் பெரும்பாலான கல்லூரிகள் இதே விகிதத்தில் பிரிக்கின்றன.

ஃபுட்பால் வீரனுக்கு அது நியாயமாகச் சேர வேண்டிய கூலி. அதை நான் மனமாரச் சொல்கிறேன். நாற்பதாண்டு தாமதமாக வந்ததுதான் அநியாயம். 1984-லேயே அவனுக்கும் ஒரு பங்கு என்று ஆகியிருந்தால் பயிற்சியாளர் சம்பளமும் சறுக்குமரமும் இந்த உயரத்துக்குப் போயிருக்காது. புதுக் கணக்கும் இப்படி ஒரே நாளில் மற்ற விளையாட்டுகளின் தலையில் விழுந்திருக்காது. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியைக் கலைத்தபோது சொன்ன காரணங்களுள் இந்தச் சமரசமும் ஒன்று. அதே மாதம் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம், தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடிய சில நாட்களிலேயே, உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது.

இனி என்ன அமைப்பு வரும் என்பதில் ஒரு யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. யு.சி.எல்.ஏ.வின் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி 2023 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார்: ஃபுட்பாலைத் தனியே பிரித்து, பெரிய அணிகள் எல்லாம் சேர்ந்த ஒரே லீக் ஆக்குங்கள், மற்ற விளையாட்டுகள் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆடட்டும். ஃபுட்பாலால் லாபம் பார்க்கும் இடத்திலிருந்தே வந்த குரல் அது. அப்படிப் பிரிப்பதானால், பிரிந்துபோகும் லீக் மற்ற விளையாட்டுகளுக்கு ஒரு நிலையான பங்கைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதியாக வேண்டும். கல்லூரிகளின் நல்ல மனத்தை நம்பி விட முடியாது. கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு, பிக் டென்னுக்குப் போன யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலரை பெர்க்லிக்குத் தர வேண்டும் என்று 2024-இல் உத்தரவிட்டது. மேலிருந்து சொல்ல ஓர் அமைப்பு இருந்ததால்தான் அந்தப் பணம் நகர்ந்தது.

சட்டம் என்று வந்தால் பெண்களின் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. சமரசம் ஒப்புதலான சில நாட்களிலேயே விளையாட்டு வீராங்கனைகள் சிலர் இழப்பீட்டுப் பகிர்வை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். கல்வியில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை இது மீறுகிறது என்பது அவர்கள் வாதம். வருமானம் ஈட்டும் விளையாட்டு அந்தச் சட்டத்துக்கு உட்படாது என்று விலக்குக் கேட்டு 1974-லேயே டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செனட்டில் நிறைவேறியும் அது சட்டமாகவில்லை. ஏன் ஆகவில்லை, யார் நின்று தடுத்தார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.